திரும்பி வரும் மெத்தைகள்

மார்ச் 3, ராத்திரி

அன்புள்ள அத்தை,

இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஜிப்பக்காவுக்கு மட்டும் தெரியும். மெத்தை உறைகளுக்கு ஜிப் தைக்கிற அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன்தான் அந்தப் பெயரை வைத்தான். தைக்க வேண்டிய உறைகளை ராத்திரியே நான் மூட்டையாகக் கட்டி வைத்துவிடுவேன். காலையில் அவர் கடைக்கு வந்து எடுத்துப் போவார். அடியில் இருக்கும் உறைக்குள் கடிதத்தை வைத்தால் அவர் தபாலில் சேர்த்துவிடுவார். நீங்கள் எழுதினால் அவர் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். "என் வாய்க்கும் ஒரு ஜிப் போட்டுட்டேன், சத்தியம். நீ பயப்படாதே" என்றார்.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். அண்ணன் போன பிறகு நீங்கள் கடைக்கு வந்தீர்களே, அன்று ஃபோம் அடுக்குக்குப் பின்னால் நான் இருந்தேன். "இது நம்ம ரத்தத்துல இருக்கு அண்ணா. பெரியண்ணன் போனதும் இதே மாதிரி தூக்கத்துலதான். எனக்குப் பரிசோதனை பண்ணிட்டாங்க, எனக்கும் இருக்கு. பஞ்சுவையாவது கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றீர்கள். அப்பா உங்கள் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக் கிழித்தார். "என் பொண்ணைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா இந்தப் படி ஏறாதே" என்றார். அதற்குப் பிறகு உங்கள் எண்ணை எல்லாப் போனிலிருந்தும் எடுத்துவிட்டார்.

அத்தை, அது எனக்கும் இருக்கிறதா?

அண்ணனின் பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. இதயம் நன்றாக இருந்ததாம், நுரையீரல் நன்றாக இருந்ததாம். எல்லாம் நன்றாக இருந்த ஒருவன் எப்படிக் காலையில் எழுந்திருக்காமல் போவான்? கேட்டால் அம்மா எழுந்து போய்விடுகிறாள். வெளியில் அவன் குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். மெத்தைக் கடைக்காரர் மகன் தூக்கத்தில் போனான் என்று தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்?

இப்போது நாங்கள் மூன்று பேரும் கூடத்தில், வெறும் தரையில் விரிப்புப் போட்டுப் படுக்கிறோம். நான் நடுவில். விளக்கு அணைப்பதில்லை. முதலில் அப்பா விழித்திருப்பார், அப்புறம் அம்மா. நான் கண் அசந்தால் அம்மாவின் உள்ளங்கை என் மூக்குக்குக் கீழே வந்து நிற்கும். மூச்சு மெதுவாக வந்தால் உலுக்கி எழுப்பிவிடுவாள். "ஒண்ணுமில்லடி, தூங்கு" என்பாள். எப்படித் தூங்குவது? நானும் இப்போது தூங்கப் பயப்படுகிறேன். கண் மூடும்போது கிணற்றுக்குள் காலை வைப்பது போல் இருக்கிறது.

முன்பெல்லாம் அப்பாவின் குறட்டை சுவரைத் தாண்டி வரும். "கடைக்கு விளம்பரமே வேண்டாம், இதை ஸ்பீக்கர்ல போட்டா போதும், மெத்தை வித்துடும்" என்பான் அண்ணன். அவன் போன பிறகு அப்பா குறட்டை விட்டு நான் கேட்கவில்லை.

அம்மா அவளுடைய காவலிலேயே தூங்கிவிட்டாள். அதனால்தான் எழுத முடிகிறது.

பஞ்சு


மார்ச் 9

பஞ்சு,

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கிற விடுதியின் துணி அறையில் நின்றுகொண்டு படித்தேன். சலவைக்குப் போகிற விரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யார் படுத்த விரிப்போ!

உனக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேள்.

இதயம் துடிப்பது மின்சாரத்தால். அந்த மின்சாரம் பாய்வதற்கு இதயத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கின்றனவாம். நம் குடும்பத்தில் சிலருக்கு அந்தக் கதவு பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. பகலில் ஓடி ஆடும்போது ஒன்றும் தெரியாது. உடம்பு அடங்கித் தூங்கும்போதோ காய்ச்சல் அடிக்கும்போதோ, துடிப்பு தடுமாறி நின்றுபோகலாம். போன பிறகு அறுத்துப் பார்த்தால் இதயம் புதுசு போல இருக்கும். மின்சாரம் நின்ற வீட்டில் சுவரில் விரிசலைத் தேடினால் கிடைக்குமா? இதற்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் சொன்னார் டாக்டர், என் வாயில் நுழையவில்லை.

இது பெற்றோரிடமிருந்து வருவது. நம் குடும்பத்து மூக்கைப் பார், தாத்தாவிடமிருந்து பெரியண்ணனுக்கு, உன் அப்பாவுக்கு, எனக்கு, உன் அண்ணனுக்கு, உனக்கு. அப்படி வருவதுதான். மூக்கு எல்லாருக்கும் வந்துவிட்டது, இது அப்படியில்லை. அப்பாவுக்கு இருந்தால் உனக்கு வரலாம், வராமலும் போகலாம். பூவா தலையா போட்டது மாதிரி. இருந்தாலும் பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாது. ஆண்களைத்தான் அதிகம் படுத்துமாம். ஆனால் நான் பெண், என்னையும் படுத்திவிட்டதே!

உன் அண்ணன் போய்க் கொஞ்ச நாளில் நான் விரிப்புக் கட்டோடு விடுதிப் படியில் மயங்கி விழுந்தேன். "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். "அது எங்க வீட்டு வழக்கமே டாக்டர்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போது என் காறையெலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைத் தைத்து வைத்திருக்கிறார்கள். துடிப்பு தப்பினால் அது ஒரு உதை விடும். அதற்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்திருக்கிறேன். எங்கள் விடுதி வாட்ச்மேனைப் போல் இவன் நாற்காலியில் தூங்குவதில்லை.

உன்னை நானே கூட்டிப் போவேன். ஆனால் கேட்டுப் பார்த்தேன். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். அத்தை கையெழுத்து அங்கே செல்லாது. உன் அப்பாவைக் கேள். நேராகக் கேள்.

அதுவரை இதை மறக்காதே. காய்ச்சல் வந்தால் உடனே சொல்லி அதைக் குறைக்க வேண்டும், மறைக்கவே கூடாது. யார் எந்த மாத்திரை கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் விழுங்காதே. அப்புறம், தூங்கு. விழித்துக்கொண்டே இருந்தால் தப்பித்துவிடலாம் என்பதெல்லாம் இல்லை. அதையும் டாக்டரிடம் கேட்டேன்.

அத்தை


மார்ச் 21, ராத்திரி

அன்புள்ள அத்தை,

கேட்டேன். அப்பா மெத்தை விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு இசிஜி எடுத்துடலாமாப்பா?" என்றேன். பள்ளியில் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். அவர் ஊசியை மெத்தையிலேயே குத்தி வைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"உனக்கு ஒண்ணும் வராது. அதை நான் பாத்துக்கிட்டேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, அத்தை. ஏற்கெனவே ஏதோ செய்து முடித்துவிட்டது போலச் சொன்னார். என்ன செய்தார் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது. நாங்கள் விற்ற மெத்தைகள் திரும்பி வருகின்றன. எல்லா மெத்தையும் இல்லை, 'மேகம்' மட்டும். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு மிருதுவான ஃபோம் வைத்துத் தைப்பாரே, அது. அண்ணன் ஆசைப்பட்டு அப்பாவைச் செய்ய வைத்தது. பெயரும் அவன் வைத்ததுதான். அண்ணன் படுத்திருந்ததும் அதன் முதல் மெத்தையில்தான். அப்பா வேனை எடுத்துக்கொண்டு வாங்கியவர்களின் வீடு வீடாகப் போகிறார். "தையல்ல ஒரு தப்பு நடந்துடுச்சு" என்று சொல்லி வேறு மெத்தையைக் கொடுத்துவிட்டு இதைத் தூக்கி வருகிறார். "உலகத்துலயே வித்த சரக்கைக் கெஞ்சித் திருப்பி வாங்கற ஒரே முதலாளி உங்கப்பாதான்" என்கிறார் ஜிப்பக்கா.

கடைக்குப் பின்னால் இடம் நிரம்பிவிட்டது. இப்போது மாடிக்கு, எங்கள் வீட்டுக்குள்ளேயே ஏற்றுகிறார். அண்ணன் அறையில் கதவைத் திறக்க முடியாத அளவுக்கு அடுக்கியாயிற்று. மாடிப்படியில் ஒரு பக்கம் முழுக்க மெத்தைகள். ஆள் ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டும். நேற்றுக் கூடத்து ஜன்னலுக்கு முன்னாலும் நிறுத்திவிட்டார். தெருச் சத்தமே இல்லை. பேசினால் நம் குரலையே மெத்தை விழுங்கிவிடுகிறது. நான் இதை இரண்டு அடுக்குகளுக்கு இடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் இருந்தது. தேர்வு என்று பள்ளிக்குப் போய்விட்டேன். ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது காது இரண்டும் அடைத்தது. கண் விழித்தால் தரையில் கிடக்கிறேன், முகத்தில் தண்ணீர். "காலையில சாப்பிடாம வந்தியா?" என்று டீச்சர் கேட்டார். நான் தலையாட்டினேன். நன்றாகச் சாப்பிட்டிருந்தேன், அத்தை.

அம்மாவிடம் சொன்னால் பள்ளியை நிறுத்திவிடுவாள். ஏற்கெனவே மாடிப்படியில் தனியாக இறங்கக் கூடாது, விளையாடக் கூடாது, தோழி வீட்டுக்குப் போகக் கூடாது. பள்ளி ஒன்றில்தான் ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.

பஞ்சு


மார்ச் 26

பஞ்சு,

பாதிக் கடிதம்வரை உன் அப்பாமேல் கோபமாக இருந்தேன். பிறகு உன்மேல் வந்தது. பிறகு உட்கார இடம் தேடினேன்.

காய்ச்சலில் மயங்கி விழுந்திருக்கிறாய். டாக்டர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். நீ அதற்கு மூடி போட்டு வைத்திருக்கிறாய். உன் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய்! அந்த மனுஷனும் இப்படித்தான், பல்வலி என்றால்கூடச் சொல்ல மாட்டார். கன்னம் வீங்கினால்தான் ஊருக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொல்லிவிடு. அண்ணி அழுவாள், திட்டுவாள், பள்ளியை நிறுத்துவேன் என்பாள். சொல். அவள் கையெழுத்தும் செல்லும்.

நான் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவுக்கு வந்தேன். கடைக்கு எதிரில் நின்றேன். உன் அப்பா என்னைப் பார்த்தார். நாலைந்து வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கும்போதே ஷட்டரை இறக்கிவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது, பேருந்தில் ஏறும்வரை. ஏறிய பிறகு இல்லை.

'மேகம்' விஷயம் எனக்கும் புரியவில்லை. தையலில் என்ன தப்பு? எங்கள் விடுதியில் பன்னிரண்டு அறைகளில் அதுதான் கிடக்கிறது. உன் அண்ணன்தான் வேனில் கொண்டுவந்து இறக்கினான். கூட ஒன்றைக் கொண்டுவந்து, "அத்தை, இது கணக்குல இல்லாதது, உனக்கு" என்று என் அறையில் போட்டுவிட்டுப் போனான். இன்றைக்கும் அதில்தான் தூங்குகிறேன். அதன் தையலில் ஒரு குறை சொல்ல முடியாது.

அம்மாவிடம் சொன்னாயா என்று உடனே எழுது.

அத்தை


ஏப்ரல் 4, ராத்திரி

அன்புள்ள அத்தை,

சொன்னேன். பாத்திரம் கழுவும்போது, குழாய்ச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்காதபடி சொன்னேன். அம்மா ஈரக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதே. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. தாங்க மாட்டார்டி."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் என்ன?"

பிறகு மெதுவாகச் சொன்னாள். அண்ணனை முதலில் பார்த்தது அப்பா. அவன் குப்புறக் கிடந்தானாம். முகம் மெத்தைக்குள் புதைந்திருந்ததாம். அந்த நிமிஷமே அப்பா முடிவு செய்துவிட்டார், தான் தைத்த மெத்தைதான் அவனை மூச்சு முட்டவைத்துக் கொன்றது என்று. அண்ணன் அறைத் தரையில் உட்கார்ந்து, "நான்தான் கொன்னேன், ரெண்டு விரல் அதிகமா வெச்சுட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். போலீஸ்காரரிடமும் சொல்லப் போனாராம். அம்மா காலைப் பிடித்து நிறுத்தினாளாம்.

அதனால்தான் மெத்தைகள் திரும்பி வருகின்றன. அதனால்தான் தரையில் படுக்கிறோம். பார்த்துக்கிட்டேன் என்று அப்பா சொன்னது இதைத்தான்.

"உனக்கும் அப்படித்தான் தோணுதாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா வெகுநேரம் ஒரே தட்டைத் தேய்த்தாள். "மெத்தையாவே இருந்துட்டுப் போகட்டும்டி. மெத்தைன்னா வெளியில இருக்கு, தூக்கிப் போட்டுடலாம். உன் அத்தை சொல்றது மாதிரி இருந்தா அதை எங்கேடி தூக்கிப் போடறது?"

நேற்று இன்னொன்றைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தேன். பின் அறையில் அப்பா, திரும்பி வந்த ஒரு மெத்தையில் குப்புறப் படுத்து, முகத்தை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் மெத்தையின் ஓரத்தைப் பிடித்திருந்தார். அசையவில்லை. கத்தலாம் என்று நான் வாயைத் திறந்தபோது தலையைத் தூக்கி மூச்சு வாங்கினார். மறுபடியும் புதைத்தார். மூச்சு முட்டுகிறதா என்று பார்க்கிறார், அத்தை. முட்டவில்லை போல. அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.

நான் சத்தமில்லாமல் வந்து படுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து அந்த மெத்தையை எப்படிப் பிடுங்குவது? பிடுங்கினால் மிச்சம் இருப்பது நான்தான்.

காலையிலிருந்து உடம்பு கொதிக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதியது தெரியும். மூக்கடைப்பு என்று சொல்லிவிட்டேன். இப்போது காது அடைக்கிற மாதிரி இருக்கிறது. எழுத்துக் கோணலாகப் போகிறது. நாளைக் காலையில் முதல் வேலையாக அம்மாவிடம் சொல்கிறேன், சத்தியமாக. படுக்க வேண்டும். ஆனால் படுத்தால்


ஏப்ரல் 5

பஞ்சு,

இதை நீ படிப்பாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

ஜிப்பக்கா இன்று தபாலுக்குப் போகவில்லை. கடித உறை ஒட்டாமல் இருந்தது, எழுத்து பாதியில் நின்றிருந்தது, பயந்துபோய் மூட்டையோடு முதல் பேருந்தில் ஏறி நேரே விடுதிக்கு வந்துவிட்டாள். "மேலே ஒரு எட்டு போய்ப் பிள்ளையைப் பாத்திருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். "முதலாளியே மூட்டையைக் கீழே கொண்டாந்து குடுத்து, பொண்ணு தூங்குது, சத்தம் போடாதேன்னார். நான் சத்தியம் பண்ணியிருக்கேனே அக்கா" என்று அழுகிறாள். சத்தியமாம்! என்ன சொல்வது இவளை?

நான் அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தேன். வாசலில் உங்கள் வேன் நிற்கிறது. உன் அப்பா இறங்குகிறார். என்னைப் பார்க்க வரவில்லை, பன்னிரண்டு மெத்தையைக் கேட்க வந்திருக்கிறார்.

"மேனேஜர்கிட்ட பேசணும். நீ தள்ளு."

"அவளுக்குக் காய்ச்சல் அண்ணா."

"யாருக்கு?"

"உன் பொண்ணுக்கு. நேத்து காலையிலிருந்து."

"அவ நல்லாத் தூங்கறா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அசந்து தூங்கறா. அவங்கம்மாவும் அசந்துட்டா. எழுப்ப மனசு வரலை, அப்படியே வந்துட்டேன்."

பஞ்சு, அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வாட்ச்மேன் உதைத்தது போல் இருந்தது. "உடனே வீட்டுக்குப் போ, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்றேன். அவர், "அவ தரையிலதான் படுத்திருக்கா. மெத்தை இல்லை. ஒண்ணும் ஆகாது" என்றார். அதையே திரும்பச் சொன்னார், எனக்குச் சொல்வது போலவே இல்லை.

கையைப் பிடித்துப் பக்கத்திலேயே இருக்கிற என் அறைக்கு இழுத்துப் போனேன். கட்டிலைக் காட்டினேன்.

"இது உன் 'மேகம்'தானே? உன் பையன் போட்டுட்டுப் போனது. இதுல யாரு படுக்கறா தெரியுமா? இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு நான் படுக்கறேன். குப்புறத்தான் படுப்பேன். சின்ன வயசுல முதுகுல அடிச்சுத் திருப்பிப் போடுவியே, மறந்துட்டியா? நான் செத்தேனா அண்ணா?"

அவர் மெத்தையை அழுத்திப் பார்த்தார். கை உள்ளே போய் மேலே வந்தது. மறுபடியும் அழுத்தினார்.

"அப்போ மெத்தை இல்லையா?"

"இல்லை அண்ணா."

ஒரு நொடி அவர் முகம் தளர்ந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அடுத்தது அவருக்கு உறைத்தது.

"அப்போ பஞ்சு?"

அதற்குப் பிறகு நான் படியைத் தாண்டுவதற்குள் வேன் திரும்பிவிட்டது. என்னை ஏற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. ஜிப்பக்காவின் போனில் உங்கள் வீட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறோம். மணி போகிறது. எடுக்க ஆளில்லை. அடுத்த பேருந்துக்காக நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திரு, என் கண்ணே. திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

அத்தை


ஏப்ரல் 19, ராத்திரி

அன்புள்ள அத்தை,

நான் தூங்கிவிட்டேன். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். அம்மா புரண்ட சத்தம் கேட்டது, கடிதத்தைப் பக்கத்தில் இருந்த மூட்டைக்குள் திணித்தேன், அப்படியே சரிந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் நீங்கள் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நர்ஸ் வந்து உங்களை வெளியே அனுப்பும்வரை நிறுத்தவில்லை. நீங்கள் வந்து சேர்வதற்கு முன் நடந்ததையும், வேலைக்குத் திரும்பிய பிறகு நடந்ததையும் சொல்கிறேன்.

போன் மணியை மெத்தைகள் விழுங்கிவிட்டன போல, அப்பா மாடிப்படியில் ஓடி வந்த சத்தத்தில்தான் அம்மா விழித்தாள். எனக்கு அனலாய்க் கொதித்ததாம். எழுப்பினால் கண்ணைத் திறந்து மூடிவிட்டேனாம். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க முடியவில்லை. படியை மெத்தைகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒருக்களித்துப் பார்த்தார், என் கால் இடித்தது. என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மெத்தைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் படியில் உருட்டிவிட்டார். கீழே வழி அடைத்ததும் மிச்சத்தைக் கூடத்து ஜன்னலைத் திறந்து தெருவிலேயே போட்டார். எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்: ஜன்னல் வழியாக வெயில் வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் அந்த மெத்தைகள்மேல் குதித்து விளையாடினார்களாம். இரண்டைக் காணவில்லை. அப்பா தேடவும் இல்லை.

காய்ச்சலோடு இருக்கும்போதே இசிஜி எடுத்ததுதான் நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னார். சாதாரண நாளில் எடுத்திருந்தால் தெரியாமலே போயிருக்கலாமாம். கோட்டில் ஒரு இடத்தைக் காட்டினார். சின்ன மேடு ஏறி, சறுக்குமரம் போல் இறங்குகிறது. இதற்குத்தானா இத்தனை நாள் பயந்தேன் என்று பார்த்தேன். பென்சில் வழுக்கியது போல்தான் இருந்தது.

"எப்பவாவது மயங்கி விழுந்திருக்கியாம்மா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்த அவள் கை எழவில்லை. "ஆமாம்" என்றேன், அப்பா எதிரிலேயே. ஆய்வுக்கூடம், காய்ச்சல், டீச்சரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர், மெத்தை ரொம்ப மிருதுவா இருந்து, அதுல ஒரு பத்தொன்பது வயசுப் பையன் குப்புறப் படுத்தா..."

"என்ன மெத்தை?" என்றார் டாக்டர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பெரிய பையன்தானே? மூச்சு முட்டினா தானாத் திரும்பிப் படுத்துப்பான்."

அப்பா நடைபாதைக்குப் போய் நின்று அழுதார். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. அம்மா போகவில்லை, என்னையும் போகவிடவில்லை. "அழட்டும். இத்தனை மாசமா வெச்சிருந்தது" என்றாள்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் இன்று வந்தன. அம்மாவுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது, அது தெரிந்ததுதான். அப்பாவுக்கும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, "மெத்தை இல்லைன்னாலும் குடுத்தது நான்தானே" என்றார். உங்கள் மூக்குக் கதையைச் சொன்னேன். "தாத்தா உங்களுக்கு இந்த மூக்கைத் தெரிஞ்சேவா குடுத்தாருப்பா?" என்றேன். அவர் வேன் கண்ணாடியில் தன் மூக்கையும் என் மூக்கையும் பார்த்தார். "இதையாவது அவரு வெச்சுக்கிட்டிருக்கலாம்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அண்ணன் போன பிறகு இப்போதுதான்.

அடுத்த மாதம் எனக்கும் ஒரு வாட்ச்மேனை வைக்கப் போகிறார்கள். பயமாக இருக்கிறது. உங்களுடையது போலவே காறையெலும்புக்குக் கீழேயா? சட்டைக்கு வெளியே தெரியுமா? உதைத்தால் எப்படி இருக்கும்? மழுப்பாமல் எழுதுங்கள். பெட்டி வைக்கும்வரை நான் பள்ளிக்குப் போகக் கூடாதாம். வைத்த பிறகும் ஆயுள் முழுக்க அதைச் சுமந்துகொண்டேதான் இருக்க வேண்டும். ஜன்னல் திறந்துவிட்டது, அத்தை. ஆனால் கதவு என் நெஞ்சுக்குள் இருக்கிறதே, அதிலிருந்து நான் எங்கே போவேன்?

அப்பாவுக்கு இதுவரை ஒரு மயக்கம்கூட வந்ததில்லை. அதனால் இப்போதைக்குப் பெட்டி வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார்கள். கண்காணிப்பது என்றால் எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் தெருவில் போட்டதில் மிச்சமிருந்த ஒரு 'மேக'த்தை அப்பா தட்டித் துடைத்து, எனக்குக் கூடத்தில் விரித்தார். "படு" என்றார். படுத்தேன். அண்ணன் ஏன் இதற்கு அந்தப் பெயர் வைத்தான் என்று தெரிந்தது. அப்பா வழக்கம் போல் காவலுக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்தது. நானும் அம்மாவும் சேர்ந்து அவரை இழுத்து மெத்தையில் போட்டோம். விழிக்கவே இல்லை.

இப்போது நான் விளக்கு வெளிச்சத்தில், யாரிடமும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு இந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் தூங்கவில்லை.

அப்பா குறட்டை விடுகிறார், அத்தை. சுவர் அதிர்கிறது. முன்பு இது எப்போது நிற்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு கிடப்பேன். இப்போது இரண்டு குறட்டைக்கு நடுவில் சின்னதாக ஒரு இடைவெளி வருகிறது. அது வரும்போதெல்லாம் அம்மாவின் கையும் என் கையும் ஒன்றாக அவர் மூக்குப் பக்கம் போகின்றன.

பஞ்சு